மருமகனுக்கு ஒரு தீவுப் பயணம்

தீவு விடுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் அறையின் படத்தையும் சாப்பாட்டு மேசையின் படத்தையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கடலை. கரையிலிருந்து பவளப்பாறை எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும், ஆழத்தில் இறங்கக் கற்றுக்கொடுப்பவர்கள் எத்தனை பேர், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா. மூன்று மாதம் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன், வக்கீல் சார். போலீசாரிடம் இவ்வளவு சொல்லவில்லை. எதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

கேஸ் கட்டில் என்னைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. முத்துநாயகம், வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன், தக்கலை. அதில் தப்பில்லை. ஆனால் அது போதாது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் படம் எடுத்தவன் நான். புதிதாக வந்த டாக்டர்கள் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைக்கூட ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். நான் சொன்னது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

என் மனைவி பூங்கனி இறந்தபோது ஜெனிலாவுக்கு ஒன்பது வயது. மறுகல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள். நான் கேட்கவில்லை. தலை பின்னிவிடப் படித்தேன். மீன் கழுவப் படித்தேன். திருவட்டாறு ஆற்றில் இறக்கி நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். கல்லூரியில் நீச்சலுக்கு மெடல் வாங்கினாள். நர்சிங் முடித்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். நாலு வருடம் ஒரே ஸ்கூட்டரில் போய் ஒரே ஸ்கூட்டரில் திரும்பினோம். அதைப் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை.

இடையில் பெங்களூரிலிருந்து அவளுக்கு ஒரு வேலை உத்தரவு தபாலில் வந்தது. அவள் டூட்டியில் இருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, அடுப்பில் போட்டு எரித்தேன். தேர்வாகவில்லை என்று நினைத்து இரண்டு நாள் அழுதாள். அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கறி வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டாள். சின்ன விஷயம்தான்.

சுபினை நான்தான் தேடிப் பிடித்தேன். திருவட்டாறு பக்கம் ராஜையன் என்பவரின் மகன். அவருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. பையன் பாலிடெக்னிக்கில் வாத்தியார். வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம். சென்னைக்குப் போகச் சொன்னாலே தயங்குகிறவன். அந்தக் குணத்துக்காகவே அவனைப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தனியாக வந்து ஒரு விஷயம் சொன்னான். பத்தொன்பது வயதில் அவனுக்கு ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போய், நெஞ்சில் குழாய் போட்டுப் பத்து நாள் படுத்திருந்தானாம். மறைக்கக் கூடாது என்றுதான் சொல்வதாகச் சொன்னான். நேர்மையான பையன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் நியூசிலாந்துப் பேச்சு தொடங்கியது. அங்கே நர்சுகளுக்கு வேலை இருக்கிறதாம். ஆசை ஜெனிலாவுடையது. ஆனால் தைரியம் சுபினுடையது. அவள் ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றபோது, தினமும் சாயங்காலம் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டவன் அவன். அவன் இல்லாவிட்டால் அவள் விட்டிருப்பாள். மூன்றாம் முறை தேறினாள். இருவருக்கும் விசா வந்தது. 2013 ஜூனில் புறப்படுவதாக முடிவு செய்தார்கள்.

"எப்பா, ரெண்டு வருசத்துல உங்களையும் அங்க கூட்டிட்டுப் போயிருவோம். நீங்க ஒண்ணும் விசாரப்படாதீங்க" என்றாள் ஜெனிலா.

நான் விசாரப்படவில்லை. யோசித்தேன். கோபத்தில் செய்ததாகக் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. ஜெனிலா தனியாக அவ்வளவு தூரம் போக மாட்டாள். கணவன் இல்லாத பெண் எங்கள் பக்கத்தில் அப்பா வீட்டுக்குத்தான் வருவாள். இது இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெகுகாலம் முன்பு கடற்கரைப் பையன் ஒருவன் வந்தான். கடற்படையில் முக்குளிக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று படம் எடுக்க வந்தவன். அவனுக்கும் சுபினைப் போலவே பழைய கோளாறு. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நீ கப்பலில் போகலாம், விமானத்தில் போகலாம், சிலிண்டர் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் மட்டும் போகக் கூடாது" என்றார். இறங்கும்போது ஒன்றும் ஆகாதாம். ஏறும்போதுதான் உள்ளே அகப்பட்ட காற்று விரியும். மெலிந்த இடம் உடைந்து, காற்று ரத்தத்தில் போய்விடும். சில நிமிடம்தான் என்றார். பையன் அழுதுகொண்டே போனான். இன்று அவன் எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம்.

பிப்ரவரியில் அவர்களுடைய இரண்டாவது கல்யாண நாள். நாட்டைவிட்டுப் போகுமுன் என் பரிசாக ஒரு தீவுப் பயணம் என்றேன். திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுக்கு விமானத்தில் கொஞ்ச நேரம்தான். தங்குவது, சாப்பாடு, படகு, நீர் விளையாட்டுகள் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். ஜெனிலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெங்களூர் கடிதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அட்டவணையை நானே போட்டேன். முதல் நாள் கரையோரம் முகமூடி மாட்டி மீன் பார்ப்பது, மாலையில் துடுப்புப் படகு. இரண்டாம் நாள் பாய்மரப் பலகை. மூன்றாம் நாள் காலை சிலிண்டரோடு ஆழத்தில் இறங்குவது. முதல் நாளே வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு நாளாவது அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இருவருக்கும் தனித்தனி பயிற்சியாளர் வேண்டும், மனைவி முதலில் இறங்கி முதலில் ஏறட்டும் என்று விடுதிக்கு எழுதினேன். தண்ணீருக்குள் அவன் தவித்து அவளைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது. என் மகள் விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்ததில்லை.

விடுதியிலிருந்து ஒரு படிவம் வந்தது. உடல்நிலை பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சுபின் நிரப்பினான். நுரையீரல் எப்போதாவது சுருங்கியதுண்டா என்ற கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்தான்.

"மாமா, இதுக்கு ஆமான்னுதான எழுதணும்?"

"ஆமான்னு எழுதினா அவங்க இறங்க விடமாட்டாங்க மக்கா. ஜெனிலா ஒத்தைக்கு இறங்குவா. நீ படகுல இருந்து பாத்துட்டு இருக்கணும்."

"அது சாரமில்ல, படகுலயே இருந்துக்கிடுதேன். ஏதாவது ஆபத்து உண்டுமான்னு தான் கேக்கேன்."

"நாளைக்கு சென்டருக்கு வா. ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்."

ஓய்வுக்குப் பிறகு தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் காலையில் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் படிவத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். சட்டையைக் கழற்றி, தாடையைத் தூக்கி, பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றான். ஒல்லியான முதுகு. மூச்சை இழுத்துப் பிடி என்றேன். பிடித்தான். நான் விடு என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான்.

வலது நுரையீரலின் உச்சியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி. சுவர் மயிரிழை போல இருந்தது. விளக்குப் பெட்டியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதுவரை நான் முழுமையாக முடிவு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படம் சுத்தமாக இருந்திருந்தால் ஒருவேளை அவர்களை வழியனுப்பிவிட்டிருப்பேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, "படம் எப்பிடி உண்டு மாமா?" என்று கேட்டான்.

"கொள்ளாம். கண்ணாடி மாதிரி இருக்கு. இல்லைன்னு எழுது."

அங்கேயே மேசையில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். அழகான எழுத்து. அந்தப் பதில் அவன் கையால் எழுதியது, என் கையால் அல்ல. போலீசார் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் தீவிலிருந்து போன் வந்தது. சுபின் தணிந்த குரலில் பேசினான்.

"மாமா, நாளைக்கு அந்த டைவிங் வேண்டாம்னு தோணுது. எனக்கு பேடியாட்டு இருக்கு, நெனச்சாலே பயம் வருது. ஜெனிலாகிட்ட இன்னும் சொல்லல்ல."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதை நான் அப்போதே உணர்ந்தேன். கொஞ்சம் யோசித்துத்தான் பேசினேன்.

"பேடி எல்லாருக்கும் உண்டு மக்கா. நான் படம் பாத்திருக்கேன், உனக்கு ஒரு குறையும் இல்ல. அவ இவ்வளவு ஆசப்பட்டதுக்குக் கூட நிக்கலன்னா, அவ்வளவு தூரத்து நாட்டுல போயி எப்பிடி கூட நிப்ப?"



"செரி மாமா. நீங்க சொன்னா செரிதான்" என்றான். பிறகு, "பிரஷர் மாத்திரை போட்டியளா?" என்று கேட்டான்.

போட்டேன் என்றேன். உண்மையிலேயே போட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எழுந்து ஜெனிலாவின் பழைய அறையைப் பெருக்கித் துடைத்தேன். ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டேன். கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தேன். தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மலையாளத்தில் பேசும் ஒரு விடுதி ஊழியர். சுபின் இறந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

அன்று நடந்ததை ஜெனிலா பிறகு ஒரே ஒருமுறை சொன்னாள். அவள் முதலில் ஏறிப் படகில் உட்கார்ந்திருந்தாள். சுபின் மேலே வந்ததும் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, "பாத்தியா ஏட்டி, நானும் இறங்கிட்டேன்" என்று சிரித்தானாம். படகின் விளிம்பைப் பிடித்த கை அப்படியே நழுவியது. இழுத்துப் போட்டபோது வாயில் ரத்த நுரை. கரை சேரும்வரை அவள் அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். நல்ல நர்ஸ் அவள்.

அடக்கம் திருவட்டாறில் நடந்தது. ராஜையன் என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்க ஆசையாட்டு அனுப்பி வச்சிய. இப்பிடி வரும்னு ஆரு கண்டா?" என்றார். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஜெனிலா என்னோடு வந்துவிட்டாள். நாற்பத்தொரு நாள் அந்த அறையில் இருந்தாள். அதிகம் பேசவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் தலை வாரிவிட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வீட்டில் பழையபடி இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். ஜூன் மாதம் பற்றி யாரும் பேசவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் தீவு ஆஸ்பத்திரியின் அறிக்கை தபாலில் வந்தது. இந்த முறை நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் அதைப் படித்து முடித்திருந்தாள். வலது நுரையீரலில் பழைய காற்றுக் குமிழி ஒன்று உடைந்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"அன்னைக்கு எடுத்த படம் எங்கப்பா?" என்று கேட்டாள்.

சுபினிடமே கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் எழுந்து போய் என் அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் பழுப்பு உறையில் இருந்தது. ஏன் எரிக்கவில்லை என்று இன்ஸ்பெக்டரும் கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு படத்தையும் நான் அழித்ததில்லை. அது எங்கள் தொழிலில் செய்யாத காரியம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "தெளிஞ்ச படம்ப்பா. நல்லா எடுத்திருக்கிய" என்றாள். என் வேலையை அவள் பாராட்டியது அதுதான் முதல்முறை. படத்தைத் திரும்ப உறையில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். நான் வாசலில் நின்று அவள் வளைவு திரும்பும்வரை பார்த்தேன்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், ஆம். சுபினைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன், யோசித்தே செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் என் வயதைப் பார்த்துத் தண்டனையில் ஏதாவது இளக்கம் கிடைக்கலாம் என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், கிருஷ்ணமணி சார். வேண்டாம். குற்றமற்றவன் என்றே எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் கேஸ் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நியூசிலாந்து ஆஸ்பத்திரியில் அவளுக்கான வேலையை இன்னும் வைத்திருக்கிறார்களாம். தீர்ப்பு வரும்வரை போக மாட்டேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு வாய்தா வாங்க முடியுமோ அவ்வளவும் வாங்குங்கள். எனக்கு அவசரமில்லை.

இதுவரை ஏழு வாய்தா. ஏழுக்கும் வந்தாள். பத்மநாபபுரம் கோர்ட்டு வராந்தாவில், என்னை வேனிலிருந்து இறக்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். போனைப் பார்ப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை, கண்ணெடுக்காமல் என்னையே பார்ப்பாள். சம்மன் அனுப்பி யாரும் அவளை வரச் சொல்வதில்லை. அவளாகத்தான் முதல் பஸ்ஸில் வந்து காத்திருக்கிறாள். அப்பாவைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது, சார்.