எழுதியவர் எவரும் தோற்றதில்லை

இலக்கு எழுத மைப்பேனாதான் நல்லது, இன்ஸ்பெக்டர். பால்பாயின்ட் பேனாவில் கை தன் பாட்டுக்கு ஓடிவிடும்; மனதில் ஒன்றும் தங்காது. என் வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிறுதோறும் அந்த வகுப்பு. விதிகள் எளியவை. வேண்டியதை ஒரே வாக்கியத்தில், நடந்து முடிந்துவிட்டதாகவே எழுத வேண்டும். தேதி போட்டு, எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்ட வேண்டும். 'எழுதியவர் எவரும் தோற்றதில்லை' என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறேன். அதில் பொய் கிடையாது. தோற்கிற மாதிரி இருப்பவரிடம் முன்கூட்டியே பேசி, இலக்கை மாற்ற வைத்துவிடுவேன்.

சுந்தர்ராமன் சார் விஷயத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ரிட்டயரான வாத்தியார். தீபாவளிக்குள் புகையிலையை விட்டுவிட்டேன் என்று எழுதியவர், ஐப்பசி பிறந்த பிறகும் குதப்பிக்கொண்டுதான் வந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் மாரடைப்பில் போய்விட்டார். துட்டி கேட்கப் போனபோது அவர் மனைவி, "இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா கண்டிப்பா விட்டிருப்பார்" என்று அழுதார். எல்லோரும் தலையாட்டினார்கள். தேதிக்கு முன்னால் செத்தவரை யாரும் தோற்றவராக நினைப்பதில்லை.

பலவேசம் திசையன்விளைக்காரன். டவுனில் பாத்திரக்கடையில் வேலை. திக்குவாய். தாய்மாமன் மகள் கலையரசி மேல் உயிரையே வைத்திருந்தான். "வாயத் தொறந்து கேக்கத் தெரியாதவனுக்கு எம்மவளக் குடுக்க மாட்டேன்" என்று மாமன் சொல்லிவிட்டார். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பமே சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்கக் கூடும். அங்கே எல்லோர் முன்னாலும் திக்காமல் பெண் கேட்டுவிட்டேன் என்று எழுதி ஒட்டினான்.

மாசியும் முடிந்தது. 'மாமா' என்ற முதல் சொல்லையே அவனால் தாண்ட முடியவில்லை. இலக்கை மாற்றச் சொன்னேன். "மா... மாட்டேன் அண்ணாச்சி. எ... எழுதியாச்சுல்லா" என்றான். போதாக்குறைக்கு, வகுப்பில் பாதிப் பேர் உத்திரத்தன்று அந்தக் கோயிலுக்கே வருவதாக இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் திக்கி நின்றால் சுவரில் இருக்கும் மற்ற தாள்களுக்கு என்ன மரியாதை? எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பாட்டு வித்வான்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுதான் சாதகம் செய்வார்கள், நாக்கு திருந்தும் என்று சொல்லி, டவுன் பஸ்ஸில் சீவலப்பேரி ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். செம்மண் காட்டில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். கரையைப் பார்த்து நின்று, ஒரு சொல்லுக்கு ஓர் அடி பின்னால் வைக்கச் சொன்னேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவன் அவன்.

"மாமா" என்றான். திக்கவில்லை. "ஒங்க மக கலையரசிய எனக்குக் கட்டிக்..." அவனுக்கே ஆச்சரியமாகி, என்னைப் பார்த்துச் சிரித்தான். பள்ளம் அடுத்த அடியில் இருந்தது. நில் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆனால் ஆற்றில் பேசிவிட்டவன் மாமன் முன்னால் பேசிவிடுவான் என்று என்ன உறுதி?

"சொல்லி முடிலே" என்றேன்.

"குடுங்க" என்று தெளிவாகச் சொன்னான்.

அவன் கை கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது. கரையில் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து நான் மடித்து வைத்தேன்.

துட்டி வீட்டில் மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டிருப்பான், நானும் குடுத்திருப்பேன்" என்றார். நான் எதிர்பார்த்தது அதைத்தான். கலையரசி மட்டும் அழாமல் என் முன்னால் வந்து நின்று, "நீச்சத் தெரியாதவுகள எதுக்கு ஆத்துல எறக்குனிய?" என்று கேட்டாள். அதே கேள்வியோடுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

காலையில் நீங்கள் என்னைக் கேலி செய்து, "நானும் ஒரு இலக்கு எழுதுதேன்வே, பாப்போம்" என்று என் பெயரைப் போட்டு இந்தத் தாளில் எழுதினீர்கள். 'இன்று மாலைக்குள் குற்றாலலிங்கத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.' விதிப்படி தேதியும் போட்டிருக்கிறீர்கள். இன்னும் வெயில் இறங்கவில்லை. வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னிடம் எழுதியவர் எவரும் தோற்றதில்லை.