பாடு சீட்டு

கையெழுத்து வாங்கின அன்னிக்கு பன்னெண்டு பேரு மேடம். பதினொண்ணு இல்ல. உங்க நோட்டுல அப்படி எழுதியிருந்தா நோட்டுதான் தப்பு. எண்ணிக்கோங்க. சாம்சன் தம்பி, எங்களுக்குப் புரியற மாதிரி சொல்றதுக்குன்னே சம்பளம் வாங்கறவரு. நர்ஸ் ஜெஸ்ஸி. தாடி வச்ச டாக்டரு ஒருத்தரு, வந்ததுல இருந்து போனையே நோண்டினு இருந்தாரு. சாட்சிக்கு முத்தம்மா, அதான் நானு. ஆச்சா நாலு. மத்தது எல்லாம் புள்ளத்தாச்சிங்க. டிரைவரா? அவன் கீழ வண்டியில குறட்டை விட்டுனு இருந்தான், அவனை நான் சேக்கல. வயித்துல இருந்ததுங்களையும் சேக்கல. சேத்தா இருபது ஆவும்.

கோச்சிக்காதீங்க, சுருக்கா சொல்ல எனக்கு வராது. நாலு பேரு முன்னால வாய் தொறக்கவே கூச்சம். கருவாட்டுக் கூடையோட உக்காந்தா விலை சொல்லுவேன், அவ்ளோதான் என் பேச்சு. ஆனா ஏழு பேரையும் ஆராய்ச்சியில இருந்து அடிச்சுடப் போறேன்னு சொல்றீங்களே, அதுக்கு முன்னாடி இத கேட்டுடுங்க. அஞ்சாங்கிளாஸ் படிச்சவன்னுதான் என்னை சாட்சிக்குப் புடிச்சாங்க. என் முன்னால படிச்சுக் காட்டினாங்க, இவளுக்குப் புரிஞ்சுதுன்னு ஏழு பேப்பர்ல ஏழு கையெழுத்து போட்டிருக்கேன்.

நெஜமா புரிஞ்சுதான்னு இப்ப கேக்கறீங்க. ரொம்ப நல்லா புரிஞ்சுது மேடம். அதுதான் பேஜாராயிடுச்சு.

இதே ஐஸ் கம்பெனி மாடிதான். ஏரியைச் சுத்தி அஞ்சு குப்பத்துல புள்ளத்தாச்சிங்களா பாத்துப் பொறுக்கி வண்டி வச்சு இட்டாந்தா, எச்ஐவின்னு ஒரே நாள்ல மோப்பம் புடிச்சிடுவாங்க. அதனால தையல் கிளாஸ்னு சொல்லி வச்சோம். ரெண்டாவது மாசம் ஊர்ல கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, இன்னாடி தைக்கறீங்க, ஒரு ஜாக்கெட்டக் கூட கண்ல காணோமேன்னு. நானே பொன்னேரி போய் ரெடிமேடா எட்டு ஜாக்கெட் வாங்கியாந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். ஒருத்திக்கும் கை நுழையல. தையல் அவ்ளோ மட்டம்னு ஊரே நம்பிடுச்சு.

ஏழு பேருக்கு எட்டு ஜாக்கெட் எதுக்கா? பரவால்ல, நீங்களும் எண்றீங்க. அங்கதான் வரேன்.

சாம்சன் தம்பி நல்ல புள்ள, ஆனா மேட்டுக்காட்டு ஊரு, ஏரிப் பழக்கம் தெரியாது. கவர்மெண்ட்ல குடுக்கற எச்ஐவி கூட்டு மருந்த எல்லாரும் எப்பவும் போல போடணும், இது அதுக்கு மேல ஒரு மாத்திரை, டிபி வராம தடுக்கறது, புள்ளத்தாச்சி உடம்புக்கு ஒத்துக்குதான்னு பாக்கணும், கொஞ்சம் டப்பால மருந்து, கொஞ்சம் டப்பால வெறும் மாவு, யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதுன்னாரு. இவளுங்க பேந்தப் பேந்த முழிக்கறாளுங்க. சரி, இவங்க பாஷையில சொல்லுவோம்னு நெனைச்சாரு போல. உங்க ஊரு பாடு மாதிரிதாங்கா, சீட்டு போட்டு எடுக்கறதுன்னுட்டாரு.

முடிஞ்சுது கதை. பாடுன்னா தெரியாதா? ஏரியில எல்லா எடத்துலயும் எறா ஒண்ணா கிடைக்காது மேடம். யாரு எங்க வலை கட்டறதுன்னு சீட்டு போடுவாங்க, அதுதான் பாடு. ஆனா சீட்டோட முடியாது. இன்னிக்கு உனக்குச் சேறுன்னா நாளைக்கு நல்ல எடம், சுத்தினே வரும். ஒருத்தனையே சேத்துல நிக்க வச்சா அதுக்குப் பேரு பாடு இல்ல. அப்புறம், ஒரு வீட்ட விட்டுட்டும் பாடு போடக் கூடாது.

மருந்து எது மாவு எதுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா, நக்கிப் பாத்தோம். சிரிக்காதீங்க. கருவாட்டுல உப்பு ஏறிச்சா இல்லையான்னு நாக்குல வச்சு சொல்றவங்க நாங்க. அரை நிமிஷம் ஆவல. ஏழு டப்பால நாலு கசப்பு, மூணு மாவு. கசந்தா மருந்துதான்னு நாங்களே தீர்ப்பும் சொல்லிட்டோம். அதுல இருந்து மாசா மாசம் டப்பா கை மாறும். உங்ககிட்ட திருப்பிக் குடுக்கற அன்னிக்கு மட்டும் அவங்கவங்க நம்பரு போட்ட டப்பா அவங்கவங்க கையில. ஒரு மாத்திரை மிச்சம் வைக்காம சாப்பிட்ட ஊருன்னு போன மாசம் இங்கியே கேக்கு வெட்டினீங்களே, நானும் ஒரு துண்டு தின்னேன்.

இப்ப மருந்து இருக்கக் கூடாதவ ரத்தத்துல இருக்குது, இருக்க வேண்டியவகிட்ட காணோம். அதனால ஏழு பேரையும் அடிச்சா உங்க பேப்பர் சுத்தமாயிடும். ஆனா மாசா மாசம் ஈரலுக்குப் பாக்கற ரத்த டெஸ்டும் நின்னுடுமே. உள்ள போன மாத்திரைய அடிக்க முடியுமா?

எட்டாவது யாருன்னா... அவளும் அன்னிக்கு வந்து உக்காந்திருந்தா. எல்லாரையும் விட அவதான் அதிகமா கேள்வி கேட்டா. வயித்துல இருக்கறதுக்கு அப்பன் கையெழுத்தும் வேணும்னீங்க. ஏழு புருஷனுங்க போட்டானுங்க, அதுல ரெண்டு பேரு எதுக்குன்னே கேக்காம போட்டானுங்க. எட்டாமவன் போடல. போட்டா தனக்கும் அந்த நோவு இருக்குதுன்னு ஒத்துக்கின மாதிரி ஆயிடும்னு பயம். இவ உடம்பு, இவ சரின்னு சொல்லிட்டா, அவன் பேனாவுக்கு எதுக்கு மேடம் காத்துனு இருந்தீங்க? அவளை அனுப்பிட்டு பதினொண்ணுன்னு எழுதினீங்க.

ஏழு பேரும் ஒத்துக்கல. மாசம் ஒருத்தி சும்மா இருக்கறோம், அவளும் சுத்துல வரட்டும்னாளுங்க. யாருக்கு எந்த டப்பான்னு பிரிக்கறது நாந்தான். மொத மாசம் அவளுக்குக் கசப்பு. ரெண்டாவது மாசம் மாவு வரணும். நான் மாத்தி கசப்பையே குடுத்துட்டேன். மூணாவது மாசமும் மாத்திட்டேன். இத்தினி வருஷத்துல எண்ணிக்கையில நான் பண்ண தில்லுமுல்லு அந்த ரெண்டுதான்.

எதுக்கா? கையெழுத்து போடாதவன் நான் பெத்தவன். செவ்வந்தி என் மருமக.

முந்தாநேத்துல இருந்து அவ கண்ணு மஞ்சளா இருக்குது. சோறு இறங்கல. நேத்து ஆஸ்பத்திரியில வேற இன்னா மாத்திரை போடறன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டா, ஏழு பேரு மாட்டிக்குவாளுங்களேன்னு. நீங்க வரீங்கன்னு தெரிஞ்சு காலையிலயே இட்டாந்துட்டேன். கீழ படியில உக்காந்திருக்காளே, பச்சை ஜாக்கெட்டு, அவதான். இப்ப கை நுழையுது.

இந்தாங்க, எந்த மாசம் எந்த நம்பரு டப்பான்னு இதுல இருக்குது. எந்த நம்பரு மருந்து, எது மாவுன்னு எழுதி சீல் வச்சிருக்கீங்களே, அந்த கவர பிரிச்சு அவளுக்குக் கசந்தது இன்னான்னு பாருங்க. என்னை அப்புறமா திட்டிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போவ உங்க வண்டியில ஏழு சீட்டு, வரும்போதே பாத்துட்டேன். நீங்க, ஜெஸ்ஸி, சாம்சன் தம்பி, டிரைவரு. ரத்தம் வைக்கற ஐஸ் பெட்டிக்கு ஒண்ணு. அஞ்சு ஆச்சா.

மிச்சம் ரெண்டு.