நாலு கல்லூரி, பன்னிரண்டு பள்ளிக்கூடம்

மங்கை: தட்டை மடியில வைச்சிருங்கோ. சீற்றில வைச்சா எண்ணெய் ஊறும்.

விஜயன்: சுடுது மங்கை.

மங்கை: சுடட்டும்.

விஜயன்: இவ்வளவு ரோல்ஸையும் மடியில வைச்சுக்கொண்டு பிளேஸ்டோவில இருந்து லண்டனின்ர மற்றப் பக்கம் ஸ்ட்ரெதம் மட்டும் இருக்கச் சொல்லுறீரே? உங்கட பள்ளிக்கூட ஆக்களின்ர மீற்றிங்குக்கு நான் என்னத்துக்கு?

மங்கை: தட்டுத் தூக்க.

விஜயன்: பின்னுக்கு வைச்சா என்ன?

மங்கை: பின்னுக்குப் பந்தும் வலையும் கிடக்கு. பெல்ட்டைப் போடுங்கோ... போட்டாச்சே? இப்ப சொல்லுங்கோ. போன கிழமை வியாழக்கிழமை கொமிற்றியில கையைத் தூக்கினனீங்களோ இல்லையோ?

விஜயன்: எந்தக் கொமிற்றி?

மங்கை: எந்தக் கொமிற்றியோ! எங்கட பதினாறு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்து, ஒவ்வொரு ஓகஸ்ட் லீவுக்கும் குட்மேய்ஸ் கிரவுண்டில ஒண்டா விளையாடுறம். அதில இருந்து உங்கட பெரிய கல்லூரியள் நாலும் கழண்டு போறம் எண்டு முடிவெடுத்த கொமிற்றி. செயலாளர் நீங்கள்தானே? மறந்துபோச்சோ?

விஜயன்: கழண்டு போகேல்லை. தனி லீக் ஒண்டு தொடங்கிறம்.

மங்கை: அதுக்குப் பேர் என்ன?

விஜயன்: பேர் இன்னும் வைக்கேல்லை.

மங்கை: லீக்கின்ர பேரைக் கேக்கேல்லை. கூட இருந்த பன்னிரண்டு பேரையும் நடுவில விட்டிட்டுப் போறதுக்குப் பேர் என்ன எண்டு கேக்கிறன்.

விஜயன்: கத்தாதையும். முன்னால பஸ் நிக்குது, பார்த்து ஓடும்.

மங்கை: நான் பார்த்துத்தான் ஓடுறன். நீங்கள் பதில் சொல்லுங்கோ. கையைத் தூக்கினனீங்களோ?

விஜயன்: எல்லாரும் தூக்கினவை...

மங்கை: உங்கட கையைத்தான் கேக்கிறன்.

விஜயன்: ஓம். தூக்கினனான். இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?

மங்கை: ஏன் தூக்கினனீங்கள் எண்டு சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ. சுரங்கப் பாதை மட்டும் எப்பிடியும் ட்ராபிக்தான்.

விஜயன்: டீவிக்காரர் வந்து கேட்டவை. காலமையில இருந்து பின்னேரம் மட்டும் லைவ். கனடா, அவுஸ்திரேலியா, ஊர்... எல்லா இடமும் பார்க்கலாம். ஆனா அவைக்கு நாலு கல்லூரியின்ர மட்ச்தான் வேணுமாம். மிச்சத்தைப் பார்க்க ஆள் வராதாம்.

மங்கை: மிச்சம்.

விஜயன்: அது அவையின்ர கதை. நான் சொல்லேல்லை.

மங்கை: நீங்கள் இப்ப சொன்னனீங்கள். வடலியடி மகாவித்தியாலயம் மிச்சம். நான் படிச்ச பள்ளிக்கூடம் மிச்சம். ரெண்டும் பள்ளிக்கூடம்தான், ஆனா உங்கடது பேரில கல்லூரி, எங்கடது வெறும் மகாவித்தியாலயம். கலியாணம் பேசி வந்த நேரம் உங்கட மாமி இதைத்தான் கேட்டவ, "பொம்பிளை எந்தக் கல்லூரி?" எண்டு.

விஜயன்: மாமியை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்?

மங்கை: டீவிக்காரர் கேக்கிறதும் அதைத்தானே.

விஜயன்: இஞ்சேரும். உலகம் முழுக்க இதுதான் நடக்குது. அமெரிக்காவில யூனிவேர்சிற்றியளே இப்பிடித்தான். நூறு வருசமா ஒண்டா விளையாடினவை, டீவி ஒப்பந்தம் எண்ட உடனே லீக்கை விட்டிட்டுப் போட்டினம். கலிபோர்ணியாப் பெடியள் இப்ப மற்றக் கரைக்குப் பிளேனில போய் விளையாடிப்போட்டு வருகினம்.

மங்கை: அங்க பக்கத்து ஊர்க்காரன் ஆரோட விளையாடுறானாம்?

விஜயன்: ஆர்?

மங்கை: அவை விட்டிட்டுப் போன சின்ன யூனிவேர்சிற்றிக்காரன். அவன் ஆரோட விளையாடுறான்?

விஜயன்: அது... எனக்குத் தெரியாது.

மங்கை: தெரியாது. அதைப் பற்றி ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. கிரவுண்டில ஆர் கோடு போடுறது? விழாவுக்கு முதல்நாள் வெள்ளை மாவோட நிலத்தில குந்தி இருக்கிறது ஆர்? உங்கட கல்லூரி டொக்டர்மாரோ? ரோல்ஸ், தேத்தண்ணி, கூடாரம்... எல்லாம் மிச்சம்தான் செய்யுது. நீங்கள் வாறது கொடியோடயும் கூலிங் கிளாஸோடயும். கப்பை வாங்கிக்கொண்டு போறது. உந்தப் பன்னிரண்டு பேரின்ர முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவியள்? சொல்லுங்கோ, கேப்பம்.

விஜயன்: சொல்லுறதுக்கு என்ன இருக்கு... அவையும் தங்கட பாட்டுக்கு ஒரு லீக் வைக்கலாம்.

மங்கை: உதோ பதில்?

விஜயன்: பின்ன?

மங்கை: உதைக் கேட்டா எங்கட சங்கத்து மாதங்கி செருப்பைக் கழட்டுவாள். வேற சொல்லுங்கோ.

விஜயன்: மாதங்கி ஏன் என்னோட... போன் அடிக்குது. எங்கட தலைவர். பிறகு எடுப்பம்.

மங்கை: ஏன் பிறகு? கார் ஸ்பீக்கரில அடிக்குது. நான் எடுக்கிறன்.

விஜயன்: மங்கை, வேண்டாம்...

செபஸ்தியாம்பிள்ளை: விஜயன்! என்ன மாதிரி? மனிசி கிரவுண்டுக்கு ஓம் எண்டிட்டாவே?

விஜயன்: அண்ணை, நான் பிறகு...

செபஸ்தியாம்பிள்ளை: பிறகு எண்டாக் காரியம் கெட்டுப்போம் தம்பி! டீவிக்காரர் விளம்பரம் போட்டிட்டினம், குட்மேய்ஸில லைவ் எண்டு. இப்ப பார்த்தா அந்த நாளுக்குக் கிரவுண்ட் புக் பண்ணியிருக்கிறது உம்மட மனிசியின்ர பேரிலயாம். பன்னிரண்டு பள்ளிக்கூடத்துக்காக. நல்ல கதையே இது? எப்பிடியாவது கதைச்சு வாங்கும். கொஞ்சம் நைசாக் கதையும். பொம்பிளையள்...

மங்கை: வணக்கம் அண்ணை.

செபஸ்தியாம்பிள்ளை: ஆ... தங்கச்சி. காரிலயே நிக்கிறியள்? சுகமோ?

மங்கை: சுகம். சொல்லுங்கோ அண்ணை. "பொம்பிளையள்" எண்டு தொடங்கினியள்.

செபஸ்தியாம்பிள்ளை: இல்லை... பொம்பிளையள் பொறுப்பா இதெல்லாம் செய்யிறியள் எண்டு சொல்ல வந்தனான்.

மங்கை: ஒரு கேள்வி அண்ணை. நீங்கள் எவ்வளவு காலமாத் தலைவர்? இவ்வளவு காலமும் அந்தக் கிரவுண்ட் எப்பிடி வருது எண்டு நினைச்சனீங்கள்?

செபஸ்தியாம்பிள்ளை: அது... எப்பவும் இருக்கிறதுதானே எண்டு...

மங்கை: மழை மாதிரி.

செபஸ்தியாம்பிள்ளை: தங்கச்சி, பகிடியை விடுங்கோ. கோவிக்காமல் எங்கட பக்கத்தையும் யோசியுங்கோ.

மங்கை: தை மாசமே கவுன்சிலுக்கு அடிச்சு, அவன் வைக்கிற பாட்டைக் கேட்டுக்கொண்டு லைனில காத்திருந்து, வேற கிளப்புகள் கொத்திக்கொண்டு போக முதல் எடுத்து வைக்கிறது நான். உங்கட கல்லூரியில ஒருத்தருக்கும் அந்த நம்பரே தெரியாது. இப்ப என்னை நைசாக் கதைச்சு வாங்கச் சொல்லுறியள். வைக்கிறன் அண்ணை. இவர் பிறகு எடுப்பார்.

விஜயன்: ஏன் கட் பண்ணினீர்? வயசு போன மனிசன்.

மங்கை: வயசு போன மனிசன்! அப்ப இதுக்குத்தானே காலமை தேத்தண்ணி போட்டுத் தந்தனீங்கள்? என்னடா அதிசயம் எண்டு பார்த்தனான். நைசாக் கதைக்க!

விஜயன்: உம்மட்டக் கேக்கத்தான் இருந்தனான். எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரியேல்லை.

மங்கை: இப்ப தொடங்குங்கோ. அந்தக் கிரவுண்டை நான் ஏன் தரவேணும்? ஒரு நல்ல காரணம் சொல்லுங்கோ.

விஜயன்: உண்மையாக் கேக்கிறீரே, சண்டைக்குக் கேக்கிறீரே?

மங்கை: உண்மையாத்தான் கேக்கிறன்.

விஜயன்: சரி. சொல்லுறன். உங்கட பன்னிரண்டு பேரும் நியாயம் கதைக்கிறியளே, இவ்வளவு காலமும் பெட்டையளின்ர நெட்போலை எங்க வைச்சவை? சொல்லும். டொய்லெற்றுக்குப் பக்கத்தில, சரிஞ்ச நிலத்தில. மைக் இல்லை, ஒரு கதிரை இல்லை. நீர் விளையாடின காலத்திலயும் அதிலதான், இப்ப நீர் பழக்கிற பிள்ளையளும் அதிலதான். புட்போல் முடிஞ்சு ஆம்பிளையள் கை கழுவ வாற நேரம்தான் உங்களைப் பார்த்தவை. நீர்தான் எனக்குச் சொல்லிச் சொல்லி அழுதனீர். இந்த டீவிக்காரர் நெட்போலை நடுக் கிரவுண்டில வைக்கினம். நாலு கமரா. அனவுன்ஸர். அது நியாயம் இல்லையே?

மங்கை: உது... உது வேற கதை.

விஜயன்: ஏன் வேற கதை?

மங்கை: நடுக் கிரவுண்ட் நாலு கல்லூரிப் பிள்ளையளுக்கு. வடலியடிப் பிள்ளையளுக்கு அந்த டொய்லெற்றுப் பக்கமும் இல்லாமல் போகுது. வேற சொல்லுங்கோ.

விஜயன்: வேற, வேற எண்டு... என்ன சோதினையே வைக்கிறீர்?

மங்கை: ஓம். சோதினைதான். டனலுக்குள்ள போகப் போறம், கண்ணாடியை ஏத்துங்கோ. உங்களிட்ட இன்னும் ஒண்டு இருக்கு. அதைச் சொல்லுங்கோ.

விஜயன்: என்ன ஒண்டு?

மங்கை: அனோஜினி.

விஜயன்: பிள்ளையை விடும் மங்கை.

மங்கை: ஏன் விட? பிள்ளையள் தாயின்ர பள்ளிக்கூடத்துக்கும் விளையாடலாம், தகப்பன்ர பள்ளிக்கூடத்துக்கும் விளையாடலாம் எண்டு சட்டம் வைச்சது ஆர்? நாங்கள் எல்லாரும்தான். பன்னிரண்டு வயசில இருந்து அவள் என்ர பிள்ளை, வடலியடிப் பிள்ளை. கோல் அடிக்கிறவள். இப்ப உங்கட டீமில அவளின்ர பேர் கிடக்காம். எங்கட டீமில மிச்சம் ஆறு பேர். நெட்போலுக்கு எத்தினை பேர் வேணும்?

விஜயன்: ஏழு.

மங்கை: தெரிஞ்சுகொண்டுதான் செய்தனீங்கள்! கிரவுண்டைக் கேட்டியள், சரி. லீக்கை உடைச்சியள், சரி. என்ர பிள்ளையையும் என்ர டீமில இருந்து உருவி எடுத்தியளே! டீவியில பேர் வரவேணும் எண்டதுக்காகச் சொந்த மனிசியின்ர டீமை முறிக்கிற மனிசர் ஆரும் இந்த லண்டனில இருக்கினமோ?

விஜயன்: ஓம். நான்தான் எடுத்தனான். என்னைப் பேசும். போதுமே?

மங்கை: போதாது. வெக்கமா இல்லையோ?

விஜயன்: இருக்கு.

மங்கை: என்ன?

விஜயன்: வெக்கமாத்தான் இருக்கு எண்டு சொல்லுறன். வியாழக்கிழமை கையைத் தூக்கிப்போட்டு வந்து உம்மட முகத்தைப் பார்க்க ஏலாமல் கராஜுக்குள்ள நிண்டனான். இஞ்சேரும்... நான் செபஸ்தியாம்பிள்ளை அண்ணைக்குச் சொல்லுறன். மனிசி கிரவுண்ட் தராது, நானும் செயலாளர் வேலையை விடுறன் எண்டு. டீவிக்காரர் வேற இடம் பார்க்கட்டும். பார்க்க ஏலாட்டி விடட்டும்.

மங்கை: உந்த டனல் முடியட்டும்.

விஜயன்: முடிஞ்சு எவ்வளவு நேரம். வெளிச்சத்துக்கு வந்திட்டம்.

மங்கை: அனோஜினியை நீங்கள் எடுக்கேல்லை.

விஜயன்: நான்தான் எண்டு சொன்னன்தானே.

மங்கை: அவளே வந்து கேட்டவள். உங்களிட்ட. "அப்பா, ஒருக்கா ஆக்கள் பார்க்கிற இடத்தில விளையாட வேணும்" எண்டு. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ எண்டும் சொன்னவள். நீங்கள் பழியை உங்கட தலையில போட்டுக்கொண்டு இருக்கிறியள்.

விஜயன்: ...உமக்கு ஆர் சொன்னது?

மங்கை: அவள்தான். போன சனிக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சு வந்து காருக்குள்ள இருந்து அழுதவள். அடுத்த வருசம் யூனிவேர்சிற்றிக்குப் போயிடுவாளாம், இதுதான் கடைசியாம். அம்மா விளையாடின அந்தச் சரிவில தானும் விளையாடி முடிக்கவோ எண்டு கேட்டவள். என்னால "விளையாடு" எண்டு சொல்ல முடியேல்லை.

விஜயன்: அப்ப?

மங்கை: போ எண்டு சொல்லிப்போட்டன்.

விஜயன்: கடவுளே... சரி. பரவாயில்லை. அழாதையும், றோட்டைப் பாரும். ஆனா கிரவுண்டைக் குடுக்க வேண்டாம். நான் சொன்னது சொன்னதுதான். அவளுக்கு நான் சொல்லி விளங்கப்படுத்துறன்.

மங்கை: கிரவுண்ட் என்னட்ட இல்லை.

விஜயன்: என்ன சொல்லுறீர்?

மங்கை: நேற்றுக் கவுன்சிலுக்கு அடிச்சு உங்கட பேருக்கு மாத்திப்போட்டன். திங்கட்கிழமை உங்களுக்கு மெயில் வரும்.

விஜயன்: மங்கை! அப்ப அந்தப் பன்னிரண்டு பேர்?

மங்கை: ஒருத்தருக்கும் தெரியாது. இந்த ஹோலுக்குள்ள இருக்கினம். வந்திட்டம்... அந்த வெள்ளை வானுக்குப் பின்னால நிப்பாட்டுறன்.

விஜயன்: நிண்டு கொள்ளும். கிரவுண்டை நீரே தூக்கிக் குடுத்துப்போட்டுத்தானே பிளேஸ்டோவில இருந்து என்னை இந்தப் பேச்சுப் பேசிக்கொண்டு வாறீர்? கிரவுண்டில ஆர் கோடு போடுறது, முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவியள், வெக்கம் இல்லையோ... எல்லாத்தையும் என்னட்டக் கேட்டீர். ஏன் கேட்டனீர்?

மங்கை: உள்ள போன உடனே அவை என்னட்டக் கேக்கப் போறது அதைத்தான். நீங்கள் ஒரு நல்ல பதிலாவது சொல்லுவியள், அதையே நானும் சொல்லுவம் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்... ஒண்டுகூடச் சரிவரேல்லை. இறங்குங்கோ. தட்டைத் தூக்கிக்கொண்டு என்ர பக்கத்திலயே வாங்கோ.