செடிக்குப் பேசின வீடு

கருப்பம்மா: லீலா பாப்பா என்னான்னு கேட்டுச்சுங்க?

குணமணி: "அம்மா, அந்தச் செடி என்ன பிழை செய்தது?" எண்டு கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு, ஒரு காலில சப்பாத்தோட நிண்டு கேட்டாள்.

கருப்பம்மா: செடி என்னாங்க பிழை செய்யும்...

குணமணி: எனக்கும் மறுமொழி வரேல்லை. அண்டையோட விட்டிட்டன்.

கருப்பம்மா: எதைங்க விட்டீங்க?

குணமணி: பேசுறதை.

கருப்பம்மா: அதை ஏங்க விட்டீங்க? பங்களா வெள்ளக்காரத் தொரசானி சீமைக்குப் போறப்ப அதைத்தானே சொல்லிட்டுப் போனாங்க. தெனம் காலையில செடிகிட்ட பேசணும், அப்பதான் வளரும்னு. அப்படியே வந்து உங்ககிட்ட சொன்னேனே.

குணமணி: நீ சொன்ன நாள் தொடக்கம் ஒரு நாள் விடாமல் பேசினனான், கருப்பம்மா.

கருப்பம்மா: என்ன பேசினீங்க?

குணமணி: மரியாதையாய்த்தான். முதல் நாள், "வெக்கமில்லையோ உனக்கு, ஆரின்ரையோ வீட்டில வந்து குந்திக்கொண்டிருக்கிறாய்" எண்டன்.

கருப்பம்மா: ...

குணமணி: அடுத்த நாள் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. கன நேரம் யோசிச்சுப்போட்டு, "சோம்பேறி, இண்டைக்கு ஒரு இலை எண்டாலும் விட்டனியே" எண்டு கேட்டன்.

கருப்பம்மா: அம்மா... இதுக்குப் பேரு பேசுறதா? திட்டுறதுல்ல?

குணமணி: ஓம். பேசுறது எண்டா அதுதானே?

கருப்பம்மா: இல்லைங்களே. பேசுறதுன்னா... இந்தா, நாம ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிட்டு இருக்கோமே, இது.

குணமணி: இது கதைக்கிறது.

கருப்பம்மா: கதை நான் எங்கங்க சொன்னேன்?

ஜெயரட்ணம்: ரெண்டு பேரும் சரிதான். யாழ்ப்பாணத்தில ஒருத்தன் பேசினா அண்டைக்கு வீட்டில சண்டை. இஞ்சை பேசினா சமாதானம். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிசில கங்காணி வந்து, "ஐயா, உங்ககிட்ட தனியா பேசணும்" எண்டான். நான் உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டிட்டன்.

குணமணி: இஞ்சேருங்கோ, பேப்பருக்குள்ள முகத்தை வச்சுக்கொண்டு காதை இஞ்சால விட்டிருக்கிறியளோ?

ஜெயரட்ணம்: நான் வாசிக்கிறன்.

கருப்பம்மா: சரிங்கம்மா, நடந்தது நடந்துருச்சு. செடியைக் குடுங்க, தூக்கிட்டுப் போறேன்.

குணமணி: இரன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.

கருப்பம்மா: மொதல்ல செடி.

குணமணி: முதல்ல தேத்தண்ணி.

கருப்பம்மா: இல்லைங்க, நாளைக்கு ரயில்ல தொரசானி பண்டாரவளையில வந்து எறங்குறாங்க. காரு போவுது. புது ராணிக்கு முடிசூட்டுறதைப் பாக்கப் போனவங்க, எட்டு மாசம் கழிச்சு வர்றாங்க. எறங்குன ஒடனே வெராந்தாவுல செடியைத்தான் பாப்பாங்க.

குணமணி: பயணக் களைப்பில வாறவ செடியையோ பாப்பா?

கருப்பம்மா: பங்களாவுல சமைக்கிற அப்புவையும் என்னையும் நிக்க வச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. செடி செத்தா கருப்பம்மா திரும்ப மலைக்குக் கொழுந்து எடுக்கன்னு. அவங்க போனதும் பங்களாவுக்கு வெள்ளை அடிச்சாங்க, எங்க லயத்துல அடுப்புப் புகை ஆகாதுன்னுதான் உங்ககிட்ட கொண்டாந்து வச்சேன். இந்த முட்டியோட நான் கூடையைக் கட்டிக்கிட்டு எந்த மலைக்குங்க ஏற? ஏறலைன்னா தோட்டத்துல பேரை வெட்டிருவாங்க. அப்புறம் லயத்துக் காம்பராவும் இல்லை.

குணமணி: இப்பிடி இதில இரு, கருப்பம்மா.

கருப்பம்மா: அம்மா, ஏன் கண்ணு கலங்குது?

குணமணி: அடுப்புப் புகை.

கருப்பம்மா: அடுப்பே இன்னும் மூட்டலையே நீங்க.

குணமணி: மூட்டினாலும் தேத்தண்ணி ஊத்தக் கோப்பை இல்லை. அந்தத் தட்டைப் பார்.

கருப்பம்மா: நெறையக் கோப்பை இருக்கே... என்னாங்க இது? எல்லாத்துலயும் மண்ணு... அதுல ஏதோ மொளைச்சிருக்கு.

குணமணி: பிள்ளையள்.

கருப்பம்மா: யாரு பிள்ளைங்க?

குணமணி: செடியின்ர பிள்ளையள். தாய்... தாய் போட்டுது, கருப்பம்மா.

கருப்பம்மா: போட்டுதுன்னா? எங்க போச்சு?

ஜெயரட்ணம்: செத்திட்டுது எண்டு சொல்லுறா.

கருப்பம்மா: மாரியாத்தா...

குணமணி: என்னிலதான் பிழை. காலமை அதுக்குப் பேசுவன். பேசினாப் பிறகு மனம் கேளாது, ஒரு செம்புத் தண்ணி ஊத்துவன். பிறகும் மனம் கேளாது. இன்னொரு செம்பு. நான் எவ்வளவுக்குப் பேசினனோ அவ்வளவுக்குத் தண்ணி. இலை ஒவ்வொண்டாய் விழுந்து, கடைசியாய் அடி அழுகிப் போச்சு.

கருப்பம்மா: அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே.

குணமணி: சொல்ல வாயெடுப்பன். நீ முட்டியைப் பிடிச்சுக்கொண்டு படியேறி வருவாய். வாய் மூடிக்கொள்ளும்.

கருப்பம்மா: அப்ப இந்தப் பிள்ளைங்க எப்படி?

குணமணி: கடைசி இலை ஒண்டு மிஞ்சினது. இவர்தான் சொன்னார், இலையின்ர பின்பக்கத்து நரம்புகளை பிளேட்டால மெல்ல வெட்டி, ஈர மணலில பரத்தி, கொண்டை ஊசி குத்தி, மேல கண்ணாடி மூடி வச்சா வெட்டின இடத்திலயெல்லாம் குஞ்சு வரும் எண்டு. ஏதோ இங்கிலீசுப் புத்தகத்தில கிடந்ததாம்.

ஜெயரட்ணம்: எங்கேயோ வாசிச்சது.

குணமணி: என்ர கொண்டை ஊசி முழுக்க அதுக்குப் போச்சு. தலையை நூலால கட்டிக்கொண்டு திரிஞ்சன். பாத்தா, உண்மையாய் ஒவ்வொரு வெட்டிலயும் ஒண்டு எழும்புது. ஒண்டையும் எறிய மனம் வரேல்லை. கோப்பை முடிஞ்சு சோப்புப் பெட்டி, லீலாவின்ர பால் டின், புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி...

ஜெயரட்ணம்: இந்த வீட்டில புட்டுத் திண்டு கன நாள். நேற்று ஷேவ் எடுக்கிற கோப்பையைப் பாராமல் எடுத்து, பிரஷால செடிக்குச் சோப்புப் போட்டிட்டன்.

குணமணி: அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களே சொல்லிப்போட்டியள்.

கருப்பம்மா: இருக்குறதுல பெருசு எதுங்க?

குணமணி: இதுதான். உன்ர பெருவிரல் அளவு வரும்.

கருப்பம்மா: தொரசானி விட்டுட்டுப் போன செடி எங்க அடுப்புச் சட்டி அகலம் இருந்துச்சு.

குணமணி: எல்லாத்தையும் ஒரு சாடியில சேத்து நட்டு, நூலால கட்டினா ஒண்டு மாதிரித் தெரியாதோ?

கருப்பம்மா: கூட்டம் மாதிரித் தெரியும்.

குணமணி: அப்ப இப்பிடிச் சொல்லுவம். உங்களைக் காணாத ஏக்கத்தில செடி இளைச்சுப் போச்சு எண்டு.

கருப்பம்மா: ஏக்கத்துல இளைக்கும்ங்க. கைக்கொழந்தையாவா போகும்?

ஜெயரட்ணம்: ம்ஹும்...

குணமணி: சிரிக்காதேங்கோ. ஒரு மனுசியின்ர சீவியம் இது. கருப்பம்மா, நாளைக்கு நான் உன்னோட பங்களாவுக்கு வாறன். நான்தான் பேசிச் செடியைச் சாகடிச்சனான் எண்டு துரைசாணிக்கு நேராய்ச் சொல்லுறன்.

கருப்பம்மா: வேணாங்கம்மா. என் பொறுப்புல விட்ட செடியை நான் எதுக்கு வெளிய குடுத்தேன்னு கேப்பாங்க. அப்புறம் ஐயா பேரும் உள்ள வரும். ஒரு வீட்டுக்கு வந்தது ஒரு வீட்டோட போகட்டும். பிள்ளைகளை மட்டும் நல்லபடியா பாத்துக்குங்க. ஒண்ணு எனக்கும் குடுங்க.

குணமணி: நீ இப்பிடிக் கதைச்சா என்னால தாங்கேலாது. இந்தா, மேல் தட்டில ஒரு கோப்பை மிச்சம் இருக்கு. இதில ஊத்தித் தாறன்.

கருப்பம்மா: ...

குணமணி: எனாமல் கோப்பை, காது உடைஞ்சது. குறை நினையாத. இதில மட்டும் செடி நடக்கூடாது எண்டு இவர் மறிச்சுப்போட்டார். கலியாணத்துக்கு முன்னம் இவர் இந்த வீட்டில தனிய இருக்கேக்க உடம்பெல்லாம் கொப்பளம் போட்டு அம்மாள் வருத்தம் வந்து கிடந்தவர். தொத்திப் போடும் எண்டு ஒருத்தரும் கிட்ட வரேல்லையாம். விடியக் காலமையில ஆரோ கஞ்சி கொண்டுவந்து வாசல்ல வச்சிட்டுப் போவினமாம், பக்கத்தில ஒரு கொத்து வேப்பிலையும். கடைசியாய் வச்ச கோப்பையைத் திருப்பி எடுக்க ஒருத்தரும் வரேல்லை. அதுதான் இது.

கருப்பம்மா: அட... இது இங்கதான் இருக்கா...

குணமணி: என்ன?

கருப்பம்மா: ஒண்ணுமில்லைங்க. சூடு. கையில சுட்டுருச்சு.

குணமணி: நான் இன்னும் தேத்தண்ணி ஊத்தேல்லையே.

ஜெயரட்ணம்: கருப்பம்மா, என்ன சொன்னனீ?

கருப்பம்மா: நான் ஒண்ணும் சொல்லலைங்க ஐயா.

ஜெயரட்ணம்: அந்தக் கஞ்சியை ஆர் வச்சிருப்பினம் எண்டு நினைக்கிறாய்?

கருப்பம்மா: மாரியாத்தா வச்சிருப்பாங்க. அம்மா போட்டவங்களுக்கு அவங்கதானே துணை.

ஜெயரட்ணம்: மாரியம்மனுக்கு ஏன் காது உடைஞ்ச கோப்பை?

கருப்பம்மா: தோட்டத்து மாரியாத்தா தானுங்களே. அவங்ககிட்ட வேற என்ன இருக்கும்... நான் வர்றேங்க. இருட்டுறதுக்குள்ள எறங்கணும்.

குணமணி: தேத்தண்ணி...

கருப்பம்மா: இன்னொரு நாளைக்கிம்மா. நாளைக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம். ஆத்தா விட்ட வழி.

குணமணி: போட்டாள். திரும்பியும் பாக்கேல்லை... நீங்கள் ஏன் பேப்பரைத் தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்?

ஜெயரட்ணம்: இஞ்சை பாரும், செத்த செடியின்ர சாடி எங்கை?

குணமணி: கழுவிப் பின்னுக்குக் கவிழ்த்து வச்சிருக்கிறன். ஏன்?

ஜெயரட்ணம்: சும்மா கேட்டனான். நாளைக்கு ஆக்களை எண்ணுற பெரட்டுக்கு முன்னமே நான் கந்தோருக்கு, என்ர மேசையடிக்குப் போகவேணும். ஒரு வேலை மிச்சம் கிடக்கு.

* * *

ஜெயரட்ணம்: ஆடாத, பங்களா கிட்டத்தான். விடியப் போகுது. பனிதான், மழை இல்லை. என்ர சால்வையால மூடியிருக்கிறன், குளிராது.

செடி: ...

ஜெயரட்ணம்: உன்ர தாயின்ர சாடிதான் இது, நீயும் இப்ப தாய் அளவுக்கு வளந்திட்டாய். குணமணி எழும்பிச் சாடியைக் காணேல்லை எண்டு தேடுவா. நாய் தூக்கினது எண்டு நானே சொல்லுவன்... இல்லை, பொய் வேண்டாம். நான் ஒண்டும் சொல்லேல்லை.

செடி: ...

ஜெயரட்ணம்: தாய்க்குப் பதிலாய் உன்னை வைக்கிறதிலயும் பொய் இல்லை, பயப்பிடாத. அவ பேசத் தொடங்கின முதல் கிழமையே ஒரு இலை விழுந்தது. அதை நான்தான் பொறுக்கிச் சட்டைப்பையில வச்சுக் கந்தோருக்குக் கொண்டு போய் நட்டனான். அதே செடியின்ர இலை. அப்ப நீ அதே செடிதானே. பெரிய கிளாக்கரின்ர அலுமாரிக்குப் பின்னால, யன்னலடியில, இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியாது.

செடி: ...

ஜெயரட்ணம்: உனக்கு நான் ஒரு நாளும் பேசேல்லை. கதைச்சனான். லீலாவின்ர பல்லு விழுந்தது, ஊரில அம்மாவுக்குக் கண் தெரியாமல் போனது, எல்லாம் உனக்குத்தான் முதல் சொன்னனான். வீட்டில இவ்வளவு கதைச்சதில்லை. இனி வீட்டிலதான் கதைக்க வேண்டியிருக்கு. குணமணி பயந்துபோடுவா.

செடி: ...

ஜெயரட்ணம்: நேற்றுப் பின்னேரம் வரைக்கும் உன்னைக் குடுக்க எனக்கு மனமில்லை. அந்த மனுசி முட்டியைத் தடவிக்கொண்டு இருக்கிறாள், நான் பேப்பருக்குள்ள ஒளிச்சிருந்தனான். பிறகு அந்தக் கோப்பையைக் கையில வாங்கிச் சூடு எண்டாள். வெறுங்கோப்பை.

செடி: ...

ஜெயரட்ணம்: உஷ்... பங்களா நாய். படுத்திட்டுது. இதுதான் வெராந்தா. இந்த மூலையில இரு, வெயில் நேராய் விழாது. பின்னேரம் துரைசாணி வந்து இங்கிலீசில கதைப்பா. விளங்காட்டியும் தலையாட்டு. நானும் அப்பிடித்தான் செய்யிறனான்.

செடி: ...

ஜெயரட்ணம்: கருப்பம்மா காலமை கூட்ட வருவாள். ஆர் வச்சது எண்டு கேட்டா மாரியம்மன் எண்டு சொல்லட்டும். எனக்கு அப்பிடித்தான் சொன்னவள். அந்த நாளில கதவு இடுக்குக்குள்ளால நான் கண்டது கம்பளி போத்தின ஒரு முதுகு மட்டும்தான். கஞ்சியை வச்சிட்டு ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை. நானும் பாக்க மாட்டன்.

செடி: ...

ஜெயரட்ணம்: ஓம், செடி என்ன பிழை செய்தது எண்டு லீலா கேட்டவள். ஒருத்தரும் அவளுக்கு மறுமொழி சொல்லேல்லை. நீ ஒரு பிழையும் செய்யேல்லை, பிள்ளை. நான் போட்டு வாறன்.