எல்லாம் போட்டு

உருளைக்கிழங்கைச் சூடாக இருக்கும்போதே மசித்துவிட வேண்டும், வக்கீலம்மா. ஆறிப்போனால் கட்டி தட்டும். என் கூடை டாக்கோவில் யாராவது ஒரு கட்டியைக் கண்டுபிடித்தால் காசு வாங்க மாட்டேன், ஊருக்கே தெரியும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பாவம் நிக்காந்த்ரோவுக்கு ஏதோ கை தவறிப் போய்விட்டது என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். கை தவறுகிற ஆள் இல்லை நான். எழுத ஆரம்பிக்கும் முன் அது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நீங்கள் பச்சூக்காவிலிருந்து வந்த அரசாங்க வக்கீல். அங்கே டாக்கோ என்றால் தின்பது மட்டும்தான். எங்கள் சான் ஹெரோனிமோவில் அந்தச் சொல் முதலில் வெள்ளிச் சுரங்கத்துக்குச் சொந்தம். பாறையில் துளை போட்டு, காகிதத்தில் சுருட்டிய வெடிமருந்தை உள்ளே திணிப்பார்களே, அந்தச் சுருளுக்குப் பெயர் டாக்கோ. பசி நேரத்தில் பெண்டாட்டி சுருட்டிக் கொடுத்த சோள ரொட்டியைப் பார்த்து, இதுவும் டாக்கோதான்டா என்று எவனோ ஒரு சுரங்கக்காரன் சிரித்திருக்கிறான். பெயர் ஒட்டிக்கொண்டது.

மார்ச் கடைசி நாள் நாடு முழுக்க டாக்கோ தினம். மற்ற ஊர்களில் தின்பார்கள், பாட்டுப் போடுவார்கள். எங்கள் ஊரில் கோவில் சதுக்கத்துப் பாறையில் ஒரு காகிதச் சுருளை வைத்துக் கொளுத்துவோம். சத்தம் கேட்டதும் கூட்டம் அடங்கும். கொளுத்தினவரே டாக்கோவின் கதையைச் சொல்வார். அதன்பிறகுதான் ஊர் முதல் வாய் கடிக்கும். சுருள் செய்வது நான். பெரும்பாலும் காகிதம், பேருக்குக் கொஞ்சம் மருந்து. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு முன்வரிசையிலேயே நிற்பார்கள்.

போன வருஷம் வரைக்கும் கதை சொன்னதும் நான்தான். சின்னக் கதை. டாக்கோ என் அப்பாவைக் கொன்றது, டாக்கோதான் எங்களை வளர்த்தது. தாமதமாக வெடித்த ஒரு சுருளில் அப்பா போனார், அம்மா கூடையைத் தூக்கினாள். அந்த இடம் வரும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். என் மகள் எலோய்சாவின் கல்யாணத்தில் பாதிரியார்கூட அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற மரியாதை அது ஒன்றுதான். வேறு சொத்து எதுவும் நான் சேர்க்கவில்லை.

எவோதியோ எனக்கு எதிர்க்கடை. கம்பியில் பன்றி இறைச்சி சுற்றுகிறவன். எலோய்சாவுக்கு ஞானத்தகப்பன், அந்த முறையில் எனக்குக் கொம்பாத்ரே. நல்ல மனுஷன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்தான் நீளம். கூட்டத்தைச் சிரிக்க வைப்பான் என்று இந்த வருஷம் நகராட்சிக்காரர்கள் கதையை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காலையில் என் கடைக்கு வந்து, வழக்கம்போல வெங்காயம் இல்லாமல் ஒரு டாக்கோ வாங்கினான். வெங்காயம் அவனுக்கு ஆகாது.

"கொம்பாத்ரே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நாளைக்கு நெசக் கதையச் சொல்லலாம்னு இருக்கேன். உங்கப்பா சுரங்கத்துல ஒண்ணும் சாகல. கள்ளுக்கடை வாசப் பள்ளத்துல விழுந்து கெடந்தாரு. தூக்கிட்டு வந்ததே எங்கப்பாதான்."

நான் துணியை இழுத்துக் கூடையை மூடினேன். டாக்கோ உள்ளேயே வியர்க்க வேண்டும், காற்றுப் படக்கூடாது.

"அதுக்கும் டாக்கோ தினத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"அதானே வேடிக்கை. டாக்கோவால இந்த ஊர்ல ஒருத்தரும் செத்ததில்ல, அஜீரணத்துல வேணா ரெண்டு பேரு போயிருப்பாங்கன்னு எடுத்துவிட்டேன்னு வைங்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நீங்களும் சேந்து சிரிச்சிடுங்க. எத்தன காலத்துக்குத்தான் அந்தப் பொய்யச் சொமப்பீங்க?"

"சொல்லாதீங்க, எவோதியோ."

"அட, விடுங்க கொம்பாத்ரே. தின்னு ஏப்பம் விடுற நாள்ல எதுக்கு எழவு வீட்டுப் பேச்சு?"

என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அன்போடுதான் தட்டினான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஒருமுறை சிரித்துவிட்டார்கள் என்றால் எலோய்சாவின் பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் அந்தச் சிரிப்பு ஓயாது. கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கூச்சமாக இருந்தது, நடுத்தெருவில் துணி அவிழ்ந்துபோனது போல. மத்தியானம் வியாபாரம் முடிந்ததும் உட்கார்ந்து நிதானமாக இரண்டு சுருள் செய்தேன். ஒன்று எப்போதும் செய்வது. இன்னொன்று சுரங்கத்தில் செய்வது.

எங்கள் தொழிலில் ஒரு கேள்வி உண்டு. யார் வந்து நின்றாலும், "எல்லாம் போட்டா?" என்று கேட்போம். வெங்காயம், மல்லி, மிளகாய்ச் சட்னி, எல்லாம். கேட்காமல் கொடுப்பது மரியாதை இல்லை. அன்று சதுக்கத்தில் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். அதை வைத்துத்தான் உங்களுக்கு என்மேல் சந்தேகம் வந்ததாமே. அதற்காக நான் வருத்தப்பட முடியாது. பிறகு கூடையோடு பாறைக்குப் போனேன்.

எவோதியோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினான். "எங்க, என் டாக்கோவக் குடுங்க பாப்போம்."

கூட்டம் சிரித்தது. நான் கேட்டேன். "எல்லாம் போட்டா, கொம்பாத்ரே?"

"இன்னிக்கு ஒரு நாள் எல்லாம் போட்டே குடுங்க. அந்தச் சனியன் வெங்காயத்தையும் சேத்து."

ஊரே சாட்சி. வெங்காயம் வேண்டாம் என்று எப்போதும்போலச் சொல்லியிருந்தால் சின்னச் சுருள்தான் அவன் கைக்குப் போயிருக்கும். முடிவை நான் அவனிடமே விட்டிருந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் ஒருவருக்கும் கேட்காததை நான் கொடுத்ததில்லை.

அவன் குனிந்து நெருப்பு வைத்தான். புகை விலகியதும் முதலில் ஓடியது எலோய்சா. ஞானத்தகப்பன் அல்லவா. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எதிர்க்கடையில் இறைச்சிக் கம்பி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. அழுகை ஓய்ந்ததும் வருவாள், அவளுக்காகவும்தானே செய்தேன்.

கூடையின் அடியில் கிடந்த மற்ற சுருளை உங்கள் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்கிறீர்கள். அதிலும் சுரங்கத்து அளவு மருந்துதான் என்கிறீர்கள். ஆமாம். கை தவறுகிற ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே. அவன் என்ன கேட்டிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும். கேட்டது மரியாதைக்கு.

அப்பா கள்ளுக்கடைப் பள்ளத்தில்தான் விழுந்தார். அம்மா சாகும்போது என்னிடம் சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டாக்கோவால் இந்த ஊரில் ஒருவரும் செத்ததில்லை என்று இனிமேல் எவனும் மேடையேறிச் சொல்ல முடியாது, வக்கீலம்மா.