கேள்வி மட்டும்தான் கேட்டேன்

உங்கள் பொலிஸ் சட்டையின் இடது தோளில் தையல் விட்டிருக்கிறது, மேடம். இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊசியும் நூலும் தந்தால் நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதி முடிக்குமுன் சரிபண்ணித் தந்துவிடுவேன். தரமாட்டீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, எழுதுங்கள்.

என் பெயர் ஜுனைதா. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையின் முதல் வீடு என்னுடையது. இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். பள்ளிச் சீருடை, அபாயா, பெருநாள் உடுப்பு எல்லாம் தைப்பேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் மனதில் கிடக்கிறதையும் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். அப்படித்தான் ‘நம் பிள்ளைகள்’ என்ற வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். நூற்று நாற்பது தாய்மார் இருந்தார்கள். நோன்பு நேரம், பள்ளி விடுமுறை, இருமலுக்கு எந்த இலையை அவிக்கலாம் என்பதெல்லாம் அதில் வரும். ஒருவர்கூட அதைக் குறை சொன்னதில்லை.

‘சகோதரர்’ எப்படி வந்தார் என்று நேற்றும் கேட்டீர்கள். ஒரு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து தனியாக எழுதினார். நான் எழுதுவது தெளிவாக இருக்கிறது என்றார். என் வாழ்க்கையில் என் எழுத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை, மேடம். தமிழ் ஊர்களை நம்பி எங்கள் சமூகம் நித்திரையில் இருக்கிறது, அதை எழுப்ப என்னைப் போன்ற ஒருத்தி வேண்டும் என்றார். அது இன்றைக்கும் சரிதான் என்று நினைக்கிறேன். அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: “பொய் சொல்லாதீர்கள், பிடிபடுவீர்கள். கேள்வி கேளுங்கள். கேள்வியைப் பிடிக்க யாராலும் முடியாது.”

நிலாந்தினி மிஸ்ஸியை ஏன் தெரிவு செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்பிலிருந்து பதினொரு வருடமாக ஸ்கூட்டியில் வந்துபோன மிட்வைஃப், அரசாங்க மருத்துவிச்சி. எங்கள் ஒழுங்கையில் அரைவாசிப் பிள்ளைகளை முதலில் தராசில் நிறுத்தது அவதான். அவவின் வெள்ளைச் சீருடைகளைத் தைத்ததும் நான்தான். அளவு எனக்கு மனப்பாடம். எங்கள் குசினி வரைக்கும் வந்துபோகிற தமிழ்ப் பெண் அவ ஒருத்திதான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்ப வேண்டுமென்றால், கதவு இருக்கிற இடத்தைத்தானே முதலில் அடைக்க வேண்டும்.

கதையை நான் புதிதாகக் கட்டவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடையில் மலட்டுக் குளிசை, பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற மாத்திரை, கலக்கிறார்கள் என்று சொல்லித்தானே அம்பாறையில் சிங்களக் கூட்டம் அடித்து நொறுக்கியது. ஒரு குளிசையின் பேரைச் சொன்னால் சனம் எப்படி எழும்பும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அதே கதையைத் திருப்பிப் போட்டேன், துணியின் உள்பக்கத்தை வெளியே திருப்புகிற மாதிரி.

முதலில் ஒரு கேள்வி: “கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இந்தச் சிவப்புக் குளிசையில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?” ஒரு கிழமை விட்டு இன்னொன்று: “மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ‘இனிப் போதும்தானே’ என்று எங்களிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?” எல்லா ஊரிலும் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கேள்விதானே கேட்டேன்.

மறுமொழி எழுதியது மற்றவர்கள். ஒருத்தியின் மச்சிக்குக் கரு கலைந்தது. ஒருத்திக்கு ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லை. நான் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் போய் அந்தக் குளிசையில் ஒட்டிக்கொண்டது.

இதில் எனக்கு உதவி செய்தது எங்கள் பெண்களின் நல்ல குணம்தான், மேடம். அவர்கள் தங்களுக்குள் கேட்டார்கள், புருசனிடம் கேட்டார்கள், கட்டாரில் இருக்கிற தம்பியிடம்கூடக் கேட்டார்கள். நிலாந்தினியிடம் மட்டும் கேட்கவில்லை. பதினொரு வருடம் வந்துபோன மனிசியின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? முகம் முறிந்துவிடுமே. அதனால் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள்.

அவ என் தையல் அறையில் வந்து இருந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னா: “என்ன ஜுனைதா, உங்கட ஆக்கள் என்னைக் கண்டா ஓடி ஒளிக்கிறாங்க. நான் என்ன பொண்ணு கேட்டா வாறன்?”

“வெயில்தானே மிஸ்ஸி. எல்லாரும் சாயிற நேரம்” என்றேன்.

“பதினொரு வருசமா இல்லாத வெயில்” என்று சிரித்தா. அவ கொண்டுவந்த சீருடையின் இடுப்பை இரண்டு விரல் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மெலிந்திருந்தா.

மர்ஷூதாவைப் பற்றி எழுதவேண்டும் என்கிறீர்கள். எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. சபியா உம்மாவின் ஒரே மகள். இருபத்துமூன்று வயது, முதல் பிள்ளை, எட்டாம் மாதம். புருசன் சியாம் கடலுக்குப் போகிறவன். குழுவில் என்ன எழுதினாலும் முதலில் பூப் படம் போடுகிறவள் அவள்தான். குளிசையை நிறுத்தியதும் முதலில் அவள்தான். அதற்குப் பிறகு கிளினிக்கையும் நிறுத்தினாள்.

அவளுடைய அபாயாவின் கையை இளக்கித் தரச் சொல்லி வந்தாள். அளவெடுத்தேன். மூன்று கிழமைக்குள் மணிக்கட்டு முக்கால் அங்குலம் கூடியிருந்தது. காலில் புருசனின் செருப்பு. “என்ட செருப்பு ஏறுதில்ல ராத்தா, ஆனைக்கால் வந்திட்டு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அளவு நாடா பொய் சொல்லாது, அது எனக்குத் தெரியும். அடுத்த செவ்வாய் வா, தைத்து வைக்கிறேன் என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நிலாந்தினி வந்தா. இந்த முறை கதிரையில் இருக்கவில்லை. “மர்ஷூதா போன் எடுக்கிறா இல்ல, கதவும் திறக்கிறா இல்ல. ஜன்னலால பார்த்தன், முகம் வீங்கிக் கிடக்கு. கடைசியா வந்த நேரமே பிரஷர் ஏறித்தான் இருந்தது. உங்கட சொல்லக் கேப்பா. இதக் குடுங்க” என்று ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தா. ‘இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவும். பிந்தக் கூடாது’ என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை டொக்டரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனா.

பகல் மர்ஷூதா அபாயாவுக்கு வந்தாள்.

“மிஸ்ஸி இஞ்ச வந்தாவா ராத்தா? எனக்கு ஏதும் சொன்னாவா?”

“இல்ல புள்ள. உடுப்பு விசயமா வந்தா.”

துண்டு தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. அவளுடைய முழங்கை அதே லாச்சியின் மேல் இருந்தது. தலையிடிக்கிறது, கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வீட்டுக்குப் போய்ச் சாய்ந்துகொள் என்றேன். நான் அந்தத் துண்டைக் கொடுத்திருந்தால், நிலாந்தினி சொன்னது சரி என்று ஆகியிருக்கும். ஆறு மாதம் பாடுபட்டது ஒரு துண்டுக் கடதாசியில் போயிருக்கும். ஒரு பெரிய வேலையில் இருக்கும்போது இப்படியான முடிவுகளை எடுக்கத்தான் வேண்டும்.

வியாழன் விடியற்காலை சுபஹுக்கு அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். தாய் மௌத்து, போய்விட்டாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொன்னபோது நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் குழுவில் இன்னொரு கேள்வி போட்டேன்: “மர்ஷூதா கடைசியாகக் குடித்தது யார் கொடுத்த குளிசை?”

அவள் ஒரு மாதமாக ஒன்றும் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கேள்விதான் கேட்டேன். இரவுக்குள் அது எங்கள் ஊர் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் பாண்டிருப்பு எல்லையில் பொடியன்கள் சேர்ந்தார்கள். அந்தப் பக்கமும் சேர்ந்தார்கள். அதே வெளிநாட்டு இலக்கம் அங்கே தமிழர் குழுவில் ‘அண்ணா’ என்ற பெயரில் இருந்து, முஸ்லிம்களிடம் மீன் விற்காதீர்கள் என்று எழுதியதாக நீங்கள் காட்டினீர்கள். பார்த்தேன். அவர் யாராகவும் இருக்கட்டும். என் எழுத்து நல்லது என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

என்னைத் தோற்கடித்தது நீங்கள் இல்லை, மேடம். மூன்றாம் நாள் சபியா உம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பொடியன்களின் நடுவால் நடந்து பாண்டிருப்புக்குப் போனா. யாரோ மறித்திருக்கிறான். “விலகுடா மனே, நான் அவட்டயே கேக்கப் போறன்” என்று சொன்னாவாம். நிலாந்தினியின் வாசலில் நின்று, முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறா: “என்ட புள்ளைக்கு என்னத்தக் குடுத்தாய் நீ?”

நிலாந்தினி அழுதிருக்கிறா. “நான் துண்டு எழுதிக் குடுத்தனே உம்மா. ஜுனைதாட்டக் குடுத்தன்.”

அந்த ஸ்கூட்டியிலேயே இரண்டு பேரும் வந்தார்கள். பொடியன்கள் வழிவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பின் சீட்டில் இருந்து வரும்போது யார் கல்லெடுப்பான்? சபியா உம்மா தன் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு நிலாந்தினியை இருத்திவிட்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினா: “கேள்வி இரிக்கிற ஆக்கள் வாங்க. ஆள் இரிக்கிறா. இப்ப கேளுங்க.”

முதலில் யாரும் போகவில்லை. பிறகு ஒருத்தி போனாள். பிறகு எல்லாரும் போனார்கள். குளிசையில் என்ன, ஊசியில் என்ன, மூன்றாவது பிள்ளைக்கு ஏன் அப்படிக் கேட்டாய் என்று பின்னேரம் அசர் பாங்கு வரைக்கும் கேட்டார்கள். ஒரு கிழவி குளிசையைக் கடித்துப் பார்த்து, “இரும்பு ருசிதான்கா, துருப்பிடிச்ச ஆணி மாதிரி” என்று துப்பினா. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு என் குழு முடிந்தது. அதற்குப் பிறகுதான் லாச்சியைத் திறக்கச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார்கள்.

ஒரு கதிரை, அவ்வளவுதான். அதை ஆறு மாதம் முந்திப் போட்டிருந்தால் நான் ஒரு கிழமைகூட நின்றுபிடித்திருக்க மாட்டேன். அவர்கள் போடவில்லை. அப்படியென்றால் பிழை என்னுடையது மட்டுமா? இதையும் எழுதுங்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாருக்காகவும்தான் செய்தேன். எல்லாரும் எனக்கு ஒன்றுதான்.

என் போனில் இருந்த குரல் பதிவுகளையும் கேட்டுவிட்டீர்களாம். சம்மாந்துறையில் கட்டிக்கொடுத்த என் மகள் நஜ்லாவுக்கு அனுப்பியவை. அவளுக்கு இது ஏழாம் மாதம். ஓம், அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரமும் அனுப்பினேன். ‘மகள், கிளினிக்குக்குப் போனியா? பிரஷர் பார்த்தாங்களா? சிவப்புக் குளிசைய ஒரு நாளும் விட்டிராத.’ அது என் குரல்தான்.

அதில் கேட்க என்ன இருக்கிறது, மேடம்? அவள் என் பிள்ளை.