ஈட்டியின் ஆறாவது கல்

— ஒரு கல்லா? ஏலே சிலுவை, லாரி ஓட்டின அசதியில தூங்கிட்டியா? ரெண்டு கல்லு மிச்சம் இருக்கணும்லே.

— சத்தியமா ஒரு கல்லுதாண்ணே. படம் ஆரம்பிச்சதுமே ஈட்டியக் கிட்டத்துல காட்டுறான். ஏழு குழி இருக்கு. ஆறு குழி அணைஞ்சு கருப்பாக் கெடக்கு. ஒண்ணுல மட்டும் நீலமா எரியுது.

— கித்தேரியக்கா! அந்த டீயக் கையோட எடுத்துக்கிட்டு மேல வாங்க. கேரட் லோடு ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போன மகராசன், ‘விண்மீன் ஈட்டி’ ரெண்டாம் பாகத்தப் பாத்துட்டு வந்திருக்கான். வந்ததும் வராததுமா தப்புக் கணக்குச் சொல்லுறான்.

— வாரேன், வாரேன். ஆப்பரேட்டர் தம்பி, உங்க மிஷின் ரூமுக்குப் படியேறி வாரதுக்குள்ள என் முட்டி கழண்டுருது. மாதாவே! என்ன குளிரு. இந்தா சிலுவை, மொதல்ல குடி. ரெண்டாம் பாகம் நம்ம கொட்டாய்க்கு எப்ப வருமாம்?

— மதுரையில ஓடி, திண்டுக்கல்லுல ஓடி, அப்புறந்தான் மலையேறும்க்கா. ஒரு வருஷம் ஆகும்.

— அது வரைக்கும் என்னால தாங்காது, நீயே சொல்லிரு. மோரிக் என்ன ஆனான்? உசுரோட இருக்கானா? மொத பாகத்துல பாதிப் படம் வரைக்கும் கதாநாயகன் டேரன் பக்கத்துலயே நின்னான். அப்புறம் ஆளையே காணோம்.

— இருங்கக்கா, ஆளு எங்கயும் போயிற மாட்டான். மொதல்ல கல்லுக் கணக்க முடிப்போம். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரு தடவ எறிஞ்சா ஒரு கல்லு அணையும். ஏழு கல்லும் அணைஞ்சா அது வெறும் கம்பி. எங்க பழநிப் பக்கம் முருகன் வேல எறிஞ்சா, போன சோலிய முடிச்சிட்டுத் தானாக் கைக்குத் திரும்பும். இந்த வெள்ளக்காரன் கல்ல எண்ணி எண்ணி எறியுறான், போகட்டும். மொத பாகத்துல எத்தன தடவ எறிஞ்சாங்க? எண்ணுங்க.

— நான் எண்ணுறேன் தம்பி. பாறைக் கதவத் தொறக்க ஒண்ணு. அந்த ரெட்டத்தலைப் பாம்புக்கு ஒண்ணு.

— அது பாம்பு இல்லக்கா, எந்திரம்.

— ஊர்ந்து வந்துச்சுல்ல? அப்ப பாம்புதான். சாம்பல் ராஜாவோட கப்பலுக்கு ஒண்ணு. டேரன் குறி தப்பி வீணாக்குனது ஒண்ணு. கடைசியில அந்தக் கண்ணாடிக் கோட்டைக்கு ஒண்ணு. அஞ்சு.

— கேட்டியாலே? அஞ்சு. ஏழுல அஞ்சு போனா ரெண்டு. உன் ரெண்டாம் பாகத்துல ஒரு கல்ல எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?

— அண்ணே, நீங்க கேக்கக்கூடாதுண்ணே இத. நாங்க கேக்கலாம். நடுவுல ஒரு ரீல ஓட்டாம விட்டது யாரு?

— பூண்டிக்காரங்களுக்குக் கடைசி பஸ்ஸு போயிருமேன்னு விட்டது. எல்லாப் படத்துக்கும் ஒரு ரீல விடுறதுதான? பாட்டு ரீலா இருந்தா பாட்டு, சண்டையா இருந்தா சண்ட. ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச வழக்கம்.

— சத்தியமா அதுக்குள்ளதாண்ணே ஆறாவது கல்லு இருக்கு. மூணு வருஷமா பூண்டிச் சந்தையில பூண்டு மூட்டைக்கு மேல உக்காந்து இதுக்குத்தான் அடிச்சுக்கிட்டோம். மோரிக் எதிரிகூடச் சேந்துட்டான்னு பாதிப்பேரு. செத்துட்டான்னு பாதிப்பேரு.

— நான் அப்பவே சொன்னேன், சேரவும் மாட்டான், சாகவும் மாட்டான்னு. மொகத்தப் பாத்தா தெரியாதா?

— நீங்க சொன்னதுதான்க்கா சரி. இந்தப் பாகத்துல டேரன் அதையெல்லாம் நெனச்சுப் பாக்குற மாதிரிக் காட்டுறான். ஒரு பனி ஒலகம். கேப்டன் உத்தரவில்லாம யாரும் ஈட்டியத் தொடக்கூடாது. தொட்டவன அங்கயே எறக்கி விட்டுருவாங்க. நடுவுல என்னமோ சத்தம் கேக்க, டேரன் பயந்துபோயி எறிஞ்சிருறான்.

— டேரனா? மோரிக் இல்லையா?

— டேரன்தான்க்கா. கப்பலோட ஒரு பக்கமே உடைஞ்சு போச்சு. கேப்டன் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, யாரு எறிஞ்சதுங்கிறாரு. டேரன் வாயத் தொறக்கல. அவனுக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது. பக்கத்துல நிக்குற மோரிக் ஒரு அடி முன்னால வெச்சு, நான்தான்கிறான்.

— அடப்பாவி! அந்த டேரன் சும்மாவா நின்னான்?

— சும்மாதான் நின்னான். மோரிக்க எறக்கி விட்டுட்டுக் கப்பல் கெளம்பிருது. சன்னல் வழியா டேரன் பாத்துக்கிட்டே போறான். பனியில ஒத்தையா ஒரு ஆளு, சின்னதா ஆயிக்கிட்டே போறான்.

— இவனையா நான் மூணு வருஷமா கதாநாயகன்னு நெனச்சுக் கைதட்டுனேன்? தம்பி, நீங்க ஏன் அந்தச் சொவத்து ஓட்ட வழியா ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? டீ ஆறுது பாருங்க.

— சும்மாத்தான்க்கா. கதைதான? ரெண்டாம் பாகத்துல என்ன நடக்குதுன்னு சொல்லுலே. ஈட்டிக்கு மிச்சம் இருக்குற ஒரு கல்ல வெச்சு என்ன செய்யுறான்?

— அத அப்புறம் சொல்லுறேண்ணே. நீங்க வேற ஒண்ணும் கேக்கலயே?

— வேற என்ன கேக்க? கேரட் என்ன வெலைக்குப் போச்சுன்னா?

— மதுரைக்குப் போயிட்டு வந்திருக்கேண்ணே. மதுரையில உங்களுக்கு யாரும் இல்லையா?

— மதுரையில எனக்கு யாரு இருக்கா? மீனாட்சி இருக்கா. அவள நீ போயிப் பாத்திருக்க மாட்ட, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பய.

— இந்தக் கேலிதான வேண்டாங்கிறது, தம்பி. வயசுல மூத்தவ சொல்லுறேன், கேளுங்க. கூடப்பொறந்த தம்பி தண்டபாணி மதுரையிலதான இருக்கான்? இந்த ரூம்புல அந்த மூலையில ஸ்டூலப் போட்டு உக்காந்து ரீலு சுத்திக்கிட்டு இருந்த பய. மூணு வருஷமா அவன் பேர உங்க வாயில இருந்து நான் கேக்கல.

— சோலியக் கெடுத்துட்டுப் போனவன் பேர நான் எதுக்குச் சொல்லணும்?

— ரீலக் கீறிட்டான்னு முதலாளி வெரட்டுனாரு, சரி. பஸ்ஸு நேரம்னு நீங்க ஊருக்குச் சொன்னாலும், அந்த ரீலு கெட்டுப்போனதால விட்டதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு ரீலுக்காகவா ஒரு மனுசன்? உங்க அம்மா பழநியில கெடந்து உருகுது. கோயிலுக்குப் பூக்கட்டுற கையில நாரு நிக்க மாட்டேங்குதுன்னு போன மாசம் எங்கிட்ட அழுதுச்சு. நீங்க ஒரு வார்த்த கூப்புட்டா வந்துருவான்.

— அவனா வந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?

— அதே வீம்பு. சரி, நான் போறேன், பாலு பொங்கிரும். சிலுவை, மிச்சக் கதைய எனக்குத் தனியாச் சொல்லணும். மோரிக்குக்கு நல்லது நடந்தா மட்டும் சொல்லு.

— சொல்லுறேன்க்கா, பாத்து எறங்குங்க. அண்ணே, அக்கா சொல்லுறதுல என்ன தப்பு?

— நீ கதையச் சொல்லு. அந்த ஆறாவது கல்லு எரியும்போது எப்படி இருந்துச்சு? அஞ்சுக்கும் அஞ்சு நெறம் காட்டுனானே. செவப்பு, மஞ்ச, ஊதான்னு.

— அது ஒரு அதிசயம்ணே. நெறமே இல்ல. டேரன் எறியுற நேரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் பச்சையா ஒரு கோடு. நூலு புடிச்ச மாதிரி நேரா. எறிஞ்சு முடிச்ச பின்னாலயும் அது போகல. கேப்டன் கேக்கும்போதும் இருக்கு, மோரிக் நான்தான்னு சொல்லும்போதும் அவன் மொகத்துக்குப் பக்கத்துலயே நடுங்கிக்கிட்டு நிக்குது. பொய் சொல்லுற எடத்துல ஈட்டி சாட்சி நிக்குதுன்னு அர்த்தம்.

— எந்தப் பக்கம்?

— என்னண்ணே?

— கோடு எந்தப் பக்கம் நின்னுச்சு? எடதா, வலதா?

— எடது பக்கம்ணே. ஓரத்துல இருந்து ஒரு சாண் தள்ளி. ஏண்ணே கேக்குறீங்க?

— ஏலே. கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— அது ஈட்டியும் இல்ல, சாட்சியும் இல்ல. கீறல்லே. கலர் படத்துல ஆழமாக் கீறல் விழுந்தா தெரையில பச்சைக் கோடாத்தான் ஓடும். இந்தா, இந்த மிஷினுக்குள்ள படம் நுழையுற எடத்துல ஒரு துண்டு அழுக்கு ஒட்டியிருந்துச்சு. மொதக் காட்சிக்கு முன்னால வெறுங்கொட்டாயில ஒரு தடவ ஓட்டிப் பாப்போம்ல, அப்ப விழுந்தது. நாலாவது ரீலு, தலையில இருந்து வால் வரைக்கும்.

— அப்படியாண்ணே?

— அந்தக் கோட்ட ஒலகத்துலயே ரெண்டு பேருதான் தெரையில பாத்தோம். மதுரைக்கு வந்த புதுப் படத்துல அது எப்படிலே வரும்?

— வராதாண்ணே?

— சென்மத்துக்கும் வராது. அன்னைக்கு இங்க நின்னது நானும் தண்டபாணியும். உனக்கு அவன்தான் சொல்லியிருக்கான். அவனப் பாத்துட்டு வந்துதான் இம்புட்டு நேரமா எங்கிட்டக் கல்ல எண்ணிக்கிட்டு இருக்க.

— ஆமாண்ணே, பாத்துட்டுத்தான் வாரேன்.

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் சொல்லுறேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்த மிஷினத் தொடைக்காம ஓட்டுனது நான்லே. முந்துன நாளு ஏரிப்பக்கம் சீட்டாடிட்டு வந்து அப்படியே படத்த மாட்டிட்டேன். அவன் தொடைக்கட்டுமான்னு கேட்டான். நான்தான் வெரசா மாட்டுடான்னு வெரட்டுனேன். ஓடி முடிஞ்சதும் முதலாளி வந்து ரீலக் கையில புடிச்சு வெளிச்சத்துல பாத்தாரு. யாரு வேலன்னாரு. எனக்கு அப்பத்தான் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. ஆப்பரேட்டர் வேலைய நம்பித்தான் பொண்ணு குடுத்தாங்க.

— அண்ணே, அழுகாதீங்கண்ணே.

— தண்டபாணி ஒரு அடி முன்னால வந்து, நான்தான் முதலாளின்னான். சித்த நேரத்துக்கு முன்னாலதான் மோரிக் அப்படிச் சொல்லுறத ரெண்டு பேரும் இதே எடத்துல பாத்தோம். பைத்தியக்காரப் பய, படத்துல பாத்தத அப்படியே செஞ்சான். என் வாயி மட்டும் டேரன் வாயி மாதிரி மூடிக்கிச்சு. அவன் பையத் தூக்கிக்கிட்டு ஏரி ரோட்டுல எறங்குனான். இந்த ஓட்ட வழியாத்தான் பாத்தேன்.

— அவன் பேர ஏண்ணே சொல்லாம இருந்தீங்க?

— எந்த வாயிலலே சொல்ல? சொன்னா அடுத்த வார்த்தையா எல்லாத்தையும் சொல்லணுமே. அதுக்கு அவன் சோலியக் கெடுத்தான்னு சொல்லுறது லேசா இருந்துச்சு. ஒரு வருஷம் சொன்னேன், பெறகு எனக்கே அது நெசம் மாதிரி ஆயிருச்சு. ஆறாவது கல்லு எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் அஞ்சுன்னு உங்கிட்டச் சண்ட போட்டேன்.

— ரெண்டாம் பாகத்துல என்ன நடக்குதுன்னு கேட்டீங்களேண்ணே. டேரன் தனியா ஒரு சின்னக் கப்பல எடுத்துக்கிட்டு அந்தப் பனி ஒலகத்துக்குத் தேடிப் போறான். ஏழாவது கல்ல எதிரி மேல எறியல. மோரிக் கெடக்குற பனியில எறிஞ்சு ஒடைக்கிறான். அதோட ஈட்டி வெறும் கம்பி.

— மோரிக் அவன மன்னிச்சானா?

— படத்துல அதுக்கு வசனமே இல்லண்ணே. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, படம் முடிஞ்சிருது.

— சிலுவை, அவன் எப்படிலே இருக்கான்?

— மதுரையில ஒரு தியேட்டருல ஆப்பரேட்டரா இருக்கான்ணே. படத்த நான் பாத்ததே அவன் ரூம்புல இருந்துதான். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால மிஷினத் தொடைக்கிறான்.

— என்னய ஏதாவது கேட்டானா?

— சாப்புடுறாரான்னு கேட்டான். இன்னும் ராத்திரி இருமுறாரான்னு கேட்டான். கொளந்த யாரு மாதிரி இருக்குன்னு கேட்டான்.

— நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்லே. இன்னைக்கே முதலாளிகிட்டப் போயிச் சொல்லிருறேன். வேலைய எடுத்தா எடுக்கட்டும். நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸப் புடிச்சு மதுரைக்கு எறங்குறேன். அந்தத் தியேட்டருக்கு வழி சொல்லு.

— மதுரைக்குப் போக வேண்டாம்ணே, ஆளு என்கூட லாரியிலதான் வந்தான், பெருமாள்மலை முக்குல டீக்கடையில எறங்கி உக்காந்திருக்கான். அந்தப் பச்சைக் கோடு கீறல்னு அவனுக்கும் தெரியும், ‘படத்துல இல்லாத அத மட்டும் சேத்துச் சொல்லு, அப்பவும் எங்கண்ணன் என்னயப் பத்திக் கேக்கலன்னா நான் அடுத்த பஸ்ஸுல கீழ எறங்கிருறேன்’னு சொல்லித்தான் என்னய மேல அனுப்பி விட்டான்.